படத்தில் விழுந்த புள்ளிகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று இன்னும் தெரியாது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்றில் போய் நிற்பேன். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன். முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் குவார்ட்டர்ஸில் தண்ணீர் லாரிக்குச் சண்டை போட்ட கதையை எழுதினேன். சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் எழுதப்போவது எனக்கு வெட்கமான விஷயம். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற அந்த அறை ரொம்பக் குளிராக இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின், அதில் கண்ணாடி மாதிரி ஒரு பலகை. முன்பக்கம் திறக்கிற பச்சை அங்கியைக் கொடுத்திருந்தார்கள். அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் பிடிக்கிற பெண்ணுக்கு என் பேத்தி வயது.

"அம்மா, பவுடர் பூசுக்குன்னாரா?" என்று தெலுங்கில் கேட்டாள். பவுடர் போட்டிருக்கிறீர்களா என்று.

இல்லை என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை. ஆயுசில் நான் பவுடர் போட்டதில்லை.

"சென்ட்டு? கிரீம்?"

அதற்கும் தலையாட்டினேன்.

அவள் என் இடது மார்பை எடுத்துப் பலகையில் வைத்தாள். மேலேயிருந்து இன்னொரு பலகையை இறக்கினாள். சப்பாத்திக்கு மாவு அமுக்குகிற மாதிரி அமுக்கியது. வலிதான். ஆனால் வலியைவிட வெட்கம் பெரிசாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தபோதுகூட முந்தானையை விலக்காதவள் நான். "மூச்சு விடாதீங்கம்மா" என்று சொன்னாள். விடவில்லை. "இப்போ விடுங்க" என்றாள். அப்போதும் விட மறந்து நின்றேன்.

நான் தலையாட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியாது.

அக்கா

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா திருநெல்வேலிப் பக்கமே வாழ்க்கைப்பட்டவள். நான் கல்யாணமாகி ஹைதராபாத் வந்தேன். அவுகளுக்கு மௌலா அலி பக்கம் மத்திய அரசு ஆலையில் வேலை. (அவுக என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை.) அக்காவும் நானும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிசு.

ஒரு வருஷம் தந்தி மாதிரி நாலு வரியில் கடிதம் வந்தது. போய்ப் பார்த்தால் அக்கா பாதியாக இருக்கிறாள். மார்பில் புண். எத்தனையோ மாதமாக வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உள்ளே வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், துவைத்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சள் வாசனையை மீறி வேறு ஒரு வாசனை வந்தபிறகுதான் வீட்டுக்கே தெரிந்திருக்கிறது.

அப்போதெல்லாம் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'அந்த வியாதி' என்பார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு பக்கத்தையே வழித்து எடுத்தார்கள். பிறகு 'கரண்டு' வைத்தார்கள். கதிர் வைக்கிற வைத்தியத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். தோல் கருகிப்போயிற்று. கை வாழைத்தண்டு மாதிரி வீங்கி, சட்டைக்குள் நுழையாமல், பக்கத்தில் ஒரு தலையணையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"ஏளா, உன்கிட்டயாவது சொல்லிருக்கணும்" என்றாள் ஒருநாள்.

"நான் எங்கேயோ ஹைதராபாத்லலா இருந்தேன்" என்றேன்.

"லெட்டர்லயாவது எழுதிருக்கணும். எப்படி எழுத? என்னன்னு எழுத?"

அக்கா போய்ச் சேர்ந்தபின் காரியம் முடிந்து ரயிலில் திரும்பினோம்.  சிகந்தராபாத்தில் வண்டி நிற்கும்போது அவுக பெட்டியை இறக்கிக்கொண்டே சொன்னாக. "உனக்கு உடம்புக்கு ஏதும்னா அன்னைக்கே எங்கிட்ட சொல்லணும். மறைக்கப்படாது. சரியா?"

சரி என்றேன்.

பொய் சொல்லி எடுத்த இ.சி.ஜி.

சரி என்று சொன்னவள்தான். ஆனால் எனக்கே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டபோது நாக்கு எழவில்லை.

காலையில் அவுக பேப்பர் படிக்கும்போது காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்பேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நிற்பேன்.

"என்ன?" என்பாக.

"ஒண்ணுமில்ல. சீனி போதுமா?"

"போதும்."

மறுநாளும் அதே. ஒரு வாரம் கழித்து அவுகளே, "ஏளா, தெனம் சீனி போதுமான்னு கேக்கியே, எனக்கு சுகர் இருக்குன்னு யாரும் சொன்னாங்களா?" என்று கேட்டாக. அதற்குமேல் எப்படிச் சொல்ல?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சிவராத்திரி முடிந்த மறுவாரம், "எனக்கு படபடன்னு வருது, மூச்சு ஒரு மாதிரியா இருக்கு" என்று பொய் சொன்னேன். அவுக பதறிப்போய் ஆட்டோ வைத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாக. அங்கே இ.சி.ஜி. எடுப்பது ஒரு மலையாள நர்ஸ். அவர் வயரை ஒட்டக் கை வைத்தால் கட்டி தட்டுப்படும், அவராகக் கேட்பார், நான் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் என் கணக்கு.

அப்படியேதான் நடந்தது. நர்ஸ் கை ஒரு இடத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்தேன்.

வெளியே வந்து அவுகளிடம் அவர்தான் சொன்னார். என் இதயம் நன்றாக இருக்கிறதாம். அதுவும் தெரிந்ததில் நல்லதுதான்.

அவுகளுக்கு அன்றைக்குத்தான் கட்டி இருப்பதே தெரியும். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாக. நான் இல்லை என்று சொல்லவில்லை.

பட்டாணி அளவு

ஊருக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஹப்சிகூடா வரை ஆட்டோ, பிறகு மெட்ரோ. அங்கேதான் நான் முதலில் சொன்ன படம் எடுத்தது. மறுநாள் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டு, ஊசி வழியாக அரிசிக்குருணை மாதிரி நாலைந்து துணுக்கு எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். தெலுங்குக்காரர், சின்ன வயசு, கண்ணைப் பார்த்துப் பேசினார். "அம்மா, இது கேன்சர்தான்" என்று பெயரைச் சொல்லியே சொன்னார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பெயர் வைத்துக் கூப்பிட்டால் ஒரு அளவுக்குள் வந்துவிடுகிற மாதிரி.

கட்டி பட்டாணி அளவுதானாம். எடுத்த துணுக்கை வைத்து இது எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்கும் என்றுகூடப் பார்த்துவிட்டார்களாம். என்னுடையது தினம் ஒரு மாத்திரைக்கு அடங்கக்கூடிய வகை. முடி கொட்டுகிற மருந்து தேவைப்படாமலே போகலாம். அக்கா காலத்தில் எல்லாருக்கும் ஒரே வெட்டு, ஒரே கரண்டு.

"கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனால் படத்தில் கட்டியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிகின்றன. நிறைய இடத்தில் பரவியிருக்கின்றன. அதுவும் நோயாக இருந்தால் முழு மார்பையும் எடுக்க வேண்டிவரும். புள்ளியிலிருந்து இன்னொரு தடவை துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். வேண்டாம், முழுசாக எடுத்துவிடுங்கள் என்றாலும் சரி. வெள்ளிக்கிழமை எல்லா டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து உங்கள் விஷயத்தைப் பேசுவோம். அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்."

அவுக யோசிக்கவே இல்லை. "முழுசா எடுத்திருங்க டாக்டர்" என்றாக.

அவுகளைத் தப்பு சொல்லக்கூடாது. அவுக ஆலையில் பார்த்த வேலையே அதுதான். இரும்புக் குழாய்களை எக்ஸ்ரே பிடித்து, பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்த கண். "மனுசன் பொய் சொல்லுவான், படம் சொல்லாது" என்பது அவுக வாய்ச்சொல். விரிசல் தெரிந்தால் அந்தக் குழாய் வேண்டாம். அவ்வளவுதான்.

"உயிர் இருந்தா போதும்ளா. இந்த வயசுல அது இருந்தா என்ன, போனா என்ன" என்றாக, வெளியே வந்தபின்.  என்னை இழந்துவிடுவோமோ என்கிற பயம் அது. தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. 

ஷமீம்

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒருவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஷமீம் என்று பெயர், பெண்தான். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வியாதிக்காரர்களுக்குத் துணையாக இருக்கிறதுக்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு ஆள். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எந்த வரிசையில் நிற்பது, யாரிடம் அழுவது, எல்லாம் அவர்தான். அவருக்கும் இதே வியாதி வந்து போயிருக்கிறது.

மௌலா அலியில் இத்தனை வருஷம் குடியிருந்ததில் எனக்கு அவர் பேசுகிற உருது முக்கால்வாசி புரியும். அவருக்கு என் பேச்சு கால்வாசி. அது போதுமாக இருந்தது.

மேசைமேல் ஒரு கூடையில் நூலில் பின்னிய உருண்டைகள் கிடந்தன. ரோஸ், சந்தன நிறம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு, பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று.

"குழந்தைக்குத் தொப்பியா?" என்றேன்.

அவர் சிரிக்காமல், "எடுத்தபிறகு உள்பாடிக்குள்ள வெச்சுக்கறதும்மா" என்று கையால் காட்டிச் சொன்னார். சட்டென்று கீழே வைத்துவிட்டேன்.

அவுக பக்கத்து நாற்காலியில் இருந்தாக. ஷமீம் அவுகளைப் பார்த்து, "சாப், ஆப் ஜரா பாஹர் பைட்டோ" என்றார். கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்று. ஆலையில் எத்தனையோ பேரை வேலை வாங்கியவுக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து போனாக.

கதவு சாத்தியதும் ஷமீம் என்னிடம் கேட்டார். "தும்கு க்யா ஹோனா அம்மா?"

உனக்கு என்ன வேணும்?

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எழுபது தாண்டியவள் இதற்கு ஆசைப்பட்டால் சிரிக்கமாட்டார்களா? அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இது என்னுது. எனக்கு ஹோனா." வேணும் என்பதைத் தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் பாஷையில் சொல்லிவிட்டேன்.

"ஹவ்" என்றார். ஆமாம் என்று. எதற்கு என்று கேட்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி என் படத்தைக் காட்டினார். கறுப்பில் சாம்பல் நிறமாக நிலா மாதிரி இருந்தது. நடுவில் பட்டாணி. அதைச் சுற்றிக் கோலப்பொடி சிந்தின மாதிரி புள்ளிகள். கட்டிமேல் நெருக்கமாக, அங்கிருந்து கீழே மடிப்பு வரைக்கும் இறங்கி, மடிப்பில் வரிசையாக.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வழி எனக்குத் தெரிந்த வழி. கட்டிமேல் மூன்று விரலை வைத்து, அப்படியே கீழே இறக்கி, மடிப்பில் கொண்டுபோய் முடிப்பது.

தினமும் குளித்துவிட்டு, சாமி அலமாரியிலிருந்து விபூதியை எடுத்துத் தண்ணீரில் குழைத்துக் கட்டிமேல் பூசுவேன். சொல்ல வேண்டியவுகளுக்குச் சொல்லாமல் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் எடுத்த அன்றைக்கும் பூசினேன். அங்கி மாற்றும்போது கூச்சமாக இருந்ததால் முந்தானையால் துடைத்துவிட்டேன். மேலே இருந்தது போயிருக்கும். மடிப்பில் இருந்ததும் தோலில் இறங்கினதும் எங்கே போகும்?

பவுடர் போட்டிருக்கிறீர்களா என்றுதானே அந்தப் பெண் கேட்டாள். விபூதியைப் பவுடர் என்று யார் சொல்வார்கள்?

ஷமீமிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. நெற்றியைத் தொட்டுக் காட்டினேன், பிறகு மார்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண் பெரிதாயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்ததைப் பார்த்ததும், "ரோவ் நக்கோ, ரோவ் நக்கோ", அழாதே அழாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் படுத்திருந்தபோது அவருடைய அம்மா தினம் சந்தனம் பூசினாராம். "எல்லாரும் ஏதாச்சும் பூசறோம்மா. இதைப்போய் டாக்டர்கிட்ட சொல்லு."

"நீயே சொல்லிரேன்."

"நக்கோ. தும்ச் போலோ." நீதான் சொல்லணும்.

"அவுக இருப்பாகளே."

"இருக்கட்டும்."

அவுக இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். விபூதி பூசினேன் என்றால், எப்போதிருந்து என்ற கேள்வி வரும். நானே மறைத்தவள் என்று தெரிந்துவிடும். அக்காவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்த ரயிலில் சரி என்று சொன்னவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவுக என்னைப் பற்றி நினைத்திருப்பது அப்படியே இருக்கும். என் மார்பு இருக்காது.

டாக்டரம்மா அறையில்

ஷமீம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "விபூதி" என்றேன்.

"என்ன விபூதி?" என்றாக அவுக.

"பூசினேன்."

"எங்கன?"

என் கை தானாக அங்கே போயிற்று.

"எப்பலருந்து?"

"பொங்கல் கழிச்சு."

 டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஷமீம் சொல்லிப் புரியவைத்தார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "சாம்பலும் படத்தில் வெள்ளையாக விழலாம். நாங்கள் பவுடர், கிரீம் என்று மட்டும் கேட்கிறோம். இனிமேல் இதையும் கேட்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "உடனே நம்பிவிடாதீர்கள் அம்மா. துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

படம் எடுக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவுக செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாக.

"அக்காவைப் பாத்த பொறவுமா?" என்றாக.

நான் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் என்ன, புலியா?"

"இல்ல."

"பின்னே?"

"எப்படிச் சொல்ல? என்னன்னு சொல்ல?" என்றேன். சொன்னபிறகுதான் தெரிந்தது, அது அக்கா சொன்ன வார்த்தை. அவுக தலையைத் திருப்பிக்கொண்டாக. 

பிறகு மெதுவாகச் சொன்னாக. "ஆலையில ஒரு தடவை நானே தப்புப் பண்ணேன். குழாயைத் துடைக்காம படம் புடிச்சுட்டு, விரிசல்னு எழுதிட்டேன். ஃபோர்மேன் விரலால தடவிக் காட்டுனாரு, வெறும் அழுக்கு. ஒரு மாசம் என்னைக் கேலி பண்ணாங்க."

"இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ மட்டும் எல்லாம் சொல்லிட்டியோ?"

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது அவுக பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாக: "நல்லா துடைக்கச் சொல்லு! மடிப்புல எல்லாம்!" வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவுக எனக்காகப் பொது இடத்தில் சத்தம் போட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதே பெண்தான். ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் காட்டினாள். கடைசிப் பஞ்சு வெள்ளையாக வருகிறவரைக்கும் விடவில்லை.

புள்ளிகள் போய்விட்டன. கட்டிக்கு ஒட்டினாற்போல ரெண்டே ரெண்டு மட்டும் நின்றன. அது கட்டியோடு சேர்ந்து வந்துவிடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை டாக்டர்கள் பேசி, கட்டியை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

மூச்சைப் பிடித்து

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை ஷமீம் வந்து பார்த்தார். நான் போர்வைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கப் பயந்துகொண்டு கிடந்தேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். கட்டு இருந்தது. கட்டுக்குக் கீழே நானும் இருந்தேன்.

பிறகு மூன்று வாரம் கதிர் வைத்தார்கள். இப்போது அது வேறு மாதிரி. இடது பக்கம் என்பதால் இதயத்தில் படாமல் இருக்க, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். பிடித்தால்தான் மெஷின் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். தோல் கொஞ்சம் சிவந்து, பிறகு காய்ந்தது. கை வீங்கவில்லை. வீங்காமல் இருக்கப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி. செய்யும்போதெல்லாம் அக்காவின் தலையணை ஞாபகம் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அவுக சாமி அலமாரிக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பாக. "நெத்தியில மட்டும்" என்பாக. மாத்திரையைக் காபியோடு சேர்த்து அவுகளே எடுத்து வைப்பாக. வைத்துவிட்டு, "சீனி போதுமா?" என்று என்னைக் கேலி செய்வாக.

மாதம் ஒரு தடவை ஷமீம் எங்களையெல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார். தெலுங்கு, ஹிந்தி, உருது என்று சத்தமாக இருக்கும். நான் கடைசி நாற்காலி. இதுவரை ஒரு தடவைதான் வாயைத் திறந்தேன். புதிதாக வந்த ஒரு பெண்ணிடம், நீ என்ன பூசுகிறாய் என்று கேட்டேன். அவள் விளக்கெண்ணெய் என்றாள். படத்துக்கு முன்னால் துடைத்துக்கொள் என்றேன்.

இதில் எழுதியிருக்கிற ஆஸ்பத்திரி விஷயங்களையெல்லாம் விஷயம் தெரிந்த யாராவது ஒருமுறை சரிபார்த்தபிறகு அச்சிடுங்கள். எனக்குப் புரிந்ததை எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் படிக்கிறவர்களுக்குக் கெடுதல் வரக்கூடாது.

வீட்டு விஷயங்களை அவுகதான் சரிபார்க்க வேண்டும். பத்திரிகைக்கு அனுப்புமுன் எப்படியும் அவுக ஒருதடவை படிப்பாக. எந்த நாளில் எது நடந்தது என்று அவுக ஃபைலில் எல்லாம் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான், டாக்டரம்மா அறையில் நான் சொன்னது, அதில் தப்பாக இருக்கிறது. அது எனக்கு மறக்கவில்லை. கட்டி முதலில் கையில் பட்டது தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது. ஏங்க, மேலே நான் 'பொங்கல் கழிச்சு' என்று எழுதியிருக்கிற இடத்தை நீங்களே அடித்துவிட்டு, உங்க கையால 'தீபாவளி' என்று போடுங்க. எனக்குக் கை வரவில்லை.